என்மேல் கட்டிய பாட்டு

போன மாதம் ஒரு மத்தளக்காரரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

அவருடைய வாசிப்புக்காக அல்ல. எனக்குத் தாளம் வராது. அதில் வருத்தமும் கிடையாது. பொறாமைக்குக் காரணம் வேறு… சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நான் பொறாமைப்படுவது புதுச் செய்தி அல்ல. எதிர் ஃப்ளாட்காரருக்கு பால்கனியில் கடல் தெரிகிறது, எனக்கு அவருடைய பால்கனி தெரிகிறது என்று புலம்பி ஒரு வாரத்தை ஓட்டியவன் நான். ஆனால் இந்த முறை வந்தது அந்த ரகம் இல்லை. ஒரே இடத்தில், மூன்று நாளில், படிப்படியாக முற்றியது. கடைசியில் வேறு எங்கோ கொண்டுபோய் விட்டது.

ஹஜ் பெருநாள் விடுமுறைக்கு ஃபுஜைரா கடற்கரையில் ஒரு ரிசார்ட்டுக்குப் போயிருந்தோம். நான், மனைவி சுகந்தி, மகள் அபி. அந்த மாதிரி இடத்தில் தங்க என் பத்திரிகைச் சம்பளம் இடம் கொடுக்காது. அங்கே ஏ.சி. மெக்கானிக்காக இருக்கும் ஸ்டீபன், ஊழியர்களுக்கான சலுகையில் அறை வாங்கிக் கொடுத்தான். ஸ்டீபனுக்குக் குளச்சல். சுகந்திக்கு நாகர்கோவில். ஒரே மாவட்டம் என்றால் அமீரகத்தில் அது ரத்த உறவு. அவளுக்கு அவன் தம்பி. நான் மட்டும் 'சாரே'.

"வாங்க சாரே, கடைசியா ஒருக்கா எல்லாரும் சேந்து சுத்திக்கிடுங்க" என்று சொல்லித்தான் கூப்பிட்டான்.

கடைசியாக என்றால்?

இங்கே இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மார்ச் மாதம் வரும். பிள்ளை எட்டாவது முடிக்கும். வாடகை ஏறும். "ஒன்பதாவதை ஊர்லயே சேத்துடுங்க, அப்பதான் நம்ம ஸ்டேட் சிலபஸ் பழகும், காலேஜ் அட்மிஷனுக்கு லேசு" என்று அலுவலகத்தில் யாராவது சொல்வார்கள். அம்மாவும் பிள்ளையும் விமானம் ஏறுவார்கள். அப்பா ஃப்ளாட்டைக் காலி செய்துவிட்டு ஷேரிங் ரூமுக்குப் போவார். இதற்கு இங்கே ஒரு பெயரே உண்டு: ஃபோர்ஸ்டு பேச்சிலர். கல்யாணமான பிரம்மச்சாரி.

எங்கள் மார்ச் இந்த வருடம். திருச்சியில் என் அம்மா வீட்டுக்குப் பக்கத்திலேயே அபிக்குப் பள்ளிக்கூடம் பேசியாகிவிட்டது. டிக்கெட் போட்டாகிவிட்டது. துபாய் கராமாவில் நண்பர்களின் அறையில் எனக்கு ஒரு கட்டிலும் பாதி அலமாரியும் ஒதுக்கியாகிவிட்டது. எல்லாம் குடும்பமாகக் கலந்து பேசி எடுத்த முடிவு. அதாவது, நான் சொன்னேன். சுகந்தி "சரி" என்றாள்.

ரிசார்ட்டில் அப்போது 'கரீபியன் வாரம்'.

வரவேற்பறையில் பிளாஸ்டிக் அன்னாசிப்பழங்கள். வெயிட்டர்களுக்குப் பூப்போட்ட சட்டை. பிலிப்பைன்ஸ் பையன்கள் அதைப் போட்டுக்கொண்டு, யாரோ தண்டனை கொடுத்த மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள். சரி, சாயங்காலம் இறகு தொப்பி வைத்த பெண்கள் இடுப்பை ஆட்டுவார்கள், நாம் பழரசம் குடிப்போம் என்று நினைத்தேன்.

வந்தவர்கள் வேறு மாதிரி இருந்தார்கள்.

கட்டம் போட்ட பருத்திப் பாவாடை, அதே துணியில் தலைக்கட்டு, கறுத்த வலுவான உடம்பு, நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. பெயர் மார்செலா. அவர்தான் பாடகி. மத்தளம் வாசிப்பவர் அவருடைய கணவர் அலோன்சோ. ஒரே மரத்தைக் குடைந்து மான்தோல் கட்டிய மத்தளம். தோலின் குறுக்கே ஒரு கம்பி, கூடவே அதிர்வதற்கு. பெரிய மத்தளத்துக்கு மார்செலாவின் தம்பி. ஆடுவதற்கும் கோரஸ் பாடுவதற்கும் அவர்களுடைய மூன்று பிள்ளைகள். பெலீஸ் என்ற குட்டி நாட்டின் கடலோர ஊரிலிருந்து வந்த காரிஃபுனா மக்கள்.

கேள்விப்பட்டதில்லையா? நானும்தான். இருபது வருடம் செய்திகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வரி பார்த்ததில்லை.

கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களும் கரீபியன் தீவின் பழங்குடிகளும் செயின்ட் வின்சென்ட் என்ற தீவில் கலந்து உருவான இனம். இருநூறு வருடங்களுக்கு முன் ஆங்கிலேயர்கள் இவர்களோடு போரிட்டு, பிடித்துக் கப்பலில் ஏற்றி, ஹோண்டுராஸ் பக்கத்தில் ஒரு தீவில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். வழியில் செத்தவர்கள் போக மிஞ்சியவர்கள் அந்தக் கரை நெடுகப் பரவினார்கள். தீவு போனது. மொழி போகவில்லை, மத்தளம் போகவில்லை, சாப்பாடு போகவில்லை.

அலோன்சோ இதை எல்லாம் தங்கள் அறை வாசலில் உட்கார்ந்து, மத்தளக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னார், நேற்று பஸ் மாறி ஏறிவிட்டோம் என்கிற மாதிரி. நான் கேட்ட அடுத்த கேள்வியில்தான் என் பொறாமை ஆரம்பமானது.

"பிள்ளைகளையும் கூட்டி வந்திருக்கிறீர்களே, பள்ளிக்கூடம்?"

"மூன்று மாத ஒப்பந்தம்தானே? காலையில் மார்செலா சொல்லிக்கொடுக்கிறாள். ஊருக்குப் போய்ப் பரீட்சை எழுதுவார்கள்."

"ஒருவேளை ஒரு வருடம் வீணாகிவிட்டால்?"

அவர் கயிற்றை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "என் அப்பா கப்பலில் வேலை பார்த்தார். அண்ணன்கள் லாஸ் ஏஞ்சலஸ் போனார்கள். எங்கள் ஊரில் பாதி ஆண்கள் இப்படித்தான். வருடத்துக்கு ஒரு பீப்பாய் நிறைய சாமான் வரும், ஆள் வரமாட்டார். இந்த ஹோட்டல்காரர்கள் இரண்டு பேர் போதும் என்றார்கள். ஆறு பேரும் வந்தால்தான் பாட்டு என்று சொல்லிவிட்டேன்."

"ஒத்துக்கொண்டார்களா?"

"ஒரே அறையில் ஆறு பேர். பரவாயில்லையா என்று கேட்டார்கள். வீட்டிலும் அப்படித்தான் என்றேன்."

அறைக்குள்ளிருந்து அந்த மூன்று பிள்ளைகளும் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. மார்செலா ஒரு அதட்டல் போட்டார். சத்தம் நின்றது, பிறகு சிரிப்பு வந்தது.

கராமா அறையில் எனக்காகக் காத்திருக்கும் பாதி அலமாரி நினைவுக்கு வந்தது. நான் படித்தவன், நிரந்தர வேலை, மெடிக்கல் இன்ஷூரன்ஸ் உண்டு. இந்த மனிதருக்கு மூன்று மாதத்துக்குப் பிறகு என்ன வேலை என்று அவருக்கே தெரியாது. ஆனால் மார்ச்சில் என்ன நடக்கும் என்ற கவலை இவருக்கு இல்லை. ஏன் இல்லை?

இரண்டாவது பொறாமை அன்று மாலையே வந்தது.

அவர்களுடைய கடைசிப் பிள்ளை, ஐந்து வயதுப் பெண், சாப்பாட்டு ஹாலில் கெட்ச்அப் கேட்டுச் சிணுங்கினாள். காரிஃபுனா மொழியில் சிணுங்கினாள்! அழுகையும் அடமும் தாய்மொழியில் வரும் ஒரு குழந்தையைப் பார்த்து எத்தனை நாளாயிற்று? என் மகளிடம் "சாப்டியா?" என்றால் "யா, ஐ ஹாட் பாஸ்தா" என்பாள். கோபம் வந்தால் இன்னும் சுத்தமான இங்கிலீஷ். இத்தனைக்கும் எங்கள் மொழி பேச ஏழு கோடிப் பேர். அவர்கள் ஒரு சின்ன மாவட்டத்து ஜனத்தொகைக்குள் அடங்கிவிடுவார்கள்.

மார்செலாவிடம் இதைச் சொன்னேன். அவர் வேறொன்று சொன்னார். அவர்கள் மொழியில் சில சொற்கள் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்றாம். ஆண் 'நான்' என்றால் 'ஆவ்'. பெண் 'நான்' என்றால் 'நுகுயா'.

"அப்ப வீட்ல யாரு பேசுறதுன்னு குழப்பமே வராதாக்கும்!" என்று சுகந்தி சிரித்தாள்.

நானும் சிரித்தேன். எங்கள் வீட்டிலும் குழப்பம் வந்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஏன் வந்ததில்லை என்று அப்போது யோசிக்கவில்லை.

மறுநாள் காலை நான் எழுந்தபோது சுகந்தி அறையில் இல்லை. தேடிக்கொண்டு போனால், ஹோட்டலின் பின்பக்கம், திறந்தவெளிச் சமையல் கொட்டகையில் இருக்கிறாள். சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆளுயர உலக்கையைக் கையில் பிடித்து, மர உரலில் எதையோ இடித்துக்கொண்டிருக்கிறாள்.

வேக வைத்த வாழைக்காய். பாதிக்குப் பழுத்ததும் காயுமாகச் சேர்த்து இடித்து, பந்து பந்தாக உருட்டி, தேங்காய்ப்பாலில் வேகவைத்த மீனோடு சாப்பிடுவார்கள். ஹுதுத் என்று பெயர். விருந்தினருக்குச் செய்து காட்டும் நிகழ்ச்சியாம். ஜெர்மன்காரப் பெண் ஒருவர் உலக்கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நான்கு குத்தில் வைத்துவிட்டார். சுகந்தி வைக்கவில்லை.

"என்னங்க, வாங்க! இதப் பாத்தியளா? நெய்மீனு, தேங்காப்பாலு, எல்லாம் நம்ம ஊருதான். நம்ம புளி மட்டும் இல்ல." ஒரு மெல்லிய அப்பளம் போன்றதை உடைத்து என் வாயருகே நீட்டினாள். "இது என்னன்னு சொல்லுங்க பாப்போம். நம்ம மரச்சீனிக் கெழங்காக்கும்! துருவி, பிழிஞ்சி, காய வச்சி, ரொட்டியா சுடுதாவ. பெட்டில அடுக்கிக் கொண்டாந்திருக்காவ."

மரவள்ளிக்கு அவள் ஊரில் மரச்சீனி என்று பெயர். கவனியுங்கள். திருச்சிக்காரனோடு பதினான்கு வருடம் இருந்ததில் அவள் பேச்சு ஏறக்குறைய திருச்சிப் பேச்சாகவே ஆகிவிட்டது. அந்தக் கொட்டகையில் ஒரே காலையில் நாகர்கோவில் திரும்பி வந்துவிட்டது… அதுவும் நாகர்கோவிலைப் பற்றி எதுவுமே தெரியாத ஒரு பெண்ணிடம்.

"சுகி, இன்னும் கொஞ்சம்" என்றார் மார்செலா.

சுகி! நான் ஒருநாளும் சுருக்காத பெயர். எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று முழுக்க மனைவியை நான் பார்த்தது கொட்டகைக்கும் கடற்கரைக்கும் நடுவே தூரத்தில்தான். இருவரும் மீன் ஆய்ந்தார்கள். இருவரும் நிழலில் உட்கார்ந்து பேசினார்கள். மார்செலாவின் இங்கிலீஷ் ஒரு மாதிரி, சுகந்தியின் இங்கிலீஷ் இன்னொரு மாதிரி. அது அவர்களுக்கு ஒரு தடையாகவே இல்லை. நான் நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படிக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். சுகந்தி நீளமாக எதையோ சொன்னாள். மார்செலா தலையை ஆட்டாமல், குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சுகந்தியின் முழங்கையைப் பிடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். சுகந்தி மணலைப் பார்த்தாள்.

என்ன கேட்டிருப்பார்?

அறைக்கு வந்ததும், "என்ன அவ்வளவு நேரம் பேச்சு?" என்று விசாரித்தேன்.

"சும்மாத்தான்."

"சும்மா இவ்வளவு நேரமா?"

"ஏன், நீங்க அளந்தியளாக்கும்?" என்று தலை துவட்டப் போய்விட்டாள்.

பேட்டி எடுப்பது என் தொழிலாக இருந்திருக்கிறது. அமைச்சர்கள், கட்டடக் கம்பெனி முதலாளிகள், கப்பல் கேப்டன்கள் எல்லாரையும் பேச வைத்திருக்கிறேன். சும்மாத்தான் என்ற பதிலோடு திரும்பியது அன்றுதான்.

மூன்றாம் நாள், கடைசி நாள், மாலை வெயில் தாழ்ந்ததும் கடற்கரையில் ஒரு வட்டம் கூடியது. விருந்தினர்கள், விடுமுறையில் இருந்த ஊழியர்கள், ஒரு ஓரத்தில் ஸ்டீபனும். மார்செலா நடுவில் வந்து நின்றார்.

"எங்கள் ஊரில் பெண்களுக்கு யார்மீதாவது குறை இருந்தால் சண்டைக்குப் போக மாட்டோம். பாட்டுக் கட்டுவோம். புருஷன், மாமியார், பக்கத்து வீட்டுக்காரி, யாராக இருந்தாலும் சரி. நல்ல பாட்டாக இருந்தால் ஊரே பாடும். எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: யார்மேல் பாட்டோ அவர் குறுக்கே பேசக் கூடாது. கூடச் சேர்ந்து கோரஸ் பாட வேண்டும்." அலோன்சோவைக் கையால் காட்டினார். "இவர் நிறையப் பாடியிருக்கிறார்."

அலோன்சோ எழுந்து வணங்கினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

"இப்போது உங்கள் முறை. உங்கள் மொழியிலேயே பாடுங்கள். யாருக்காவது குறை இருக்கிறதா?"

எகிப்துக்காரப் பெண் ஒருவர் கணவரின் குறட்டையைப் பற்றி அரபியில் நான்கு வரி பாடினார். கணவர் குறட்டை விட்டே தாளம் போட்டார். துபாயில் இருக்கும் ஆங்கிலேய அம்மாள் பக்கத்து வீட்டு நாயைத் திட்டிப் பாடினார். ஒரே சிரிப்பு. நல்ல நிகழ்ச்சிதான், எழுதலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, மார்செலா எங்கள் பக்கம் திரும்பினார்.

"சுகி?"

சுகந்தி எழுந்தாள்.

சுகந்தி பாடுவாள் என்பது எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் சமையலறையில் முணுமுணுப்பாள். அது எப்போது நின்றது? தெரியவில்லை. 'எப்போது' என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் ஒரு செய்தியை எங்கள் டெஸ்க்கில் அனுமதிக்க மாட்டார்கள்.

பெரிய மத்தளம் மெதுவாக ஆரம்பித்தது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிற மாதிரி அது போய்க்கொண்டிருக்க, அலோன்சோவின் சின்ன மத்தளம் மேலே ஏறி விளையாடியது. சுகந்தி கண்ணை மூடிக்கொண்டு முதலில் பல்லவியை மட்டும் சொன்னாள். "நான் போவல்லே… நான் போவல்லே." கூட்டத்தைப் பார்த்து, சேர்ந்து பாடும்படி கையசைத்தாள். ஜெர்மன்காரர்களும் எகிப்துக்காரர்களும் வெயிட்டர்களும் பாடினார்கள். "நான் போவல்லே!"

பிறகு வரிகள் வந்தன.

பெட்டி ரெண்டு கட்டி வச்சாரு — நான் போவல்லே
பொண்ணுக்கொரு ஸ்கூலு பாத்தாரு — நான் போவல்லே
டிக்கெட்டுக்கு நாளும் குறிச்சாரு — நான் போவல்லே
எங்கிட்ட மட்டும் கேக்க மறந்தாரு — நான் போவல்லே

முதல் இரண்டு வரி வரைக்கும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதில் நின்றது. வட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் இருப்பார்கள். தமிழ் தெரிந்தவர்கள் நான், அபி, ஸ்டீபன். மற்ற எல்லாரும், அர்த்தமே தெரியாமல், முழுத்தொண்டையில், என் மனைவியின் கட்சியில் சேர்ந்திருந்தார்கள்.

பேப்பருக்கு ஊரையெல்லாம் கேள்வி கேப்பாரு — நான் போவல்லே
பெண்டாட்டிக்குப் பதிலு மட்டும் சொல்லிப் போவாரு — நான் போவல்லே

அபி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, இட்ஸ் அபௌட் யூ" என்றாள், எனக்குத் தெரியாதோ என்று.

"தெரியும்."

"தென் யூ ஹாவ் டு சிங். ரூல்."

அலோன்சோ மத்தளத்தை அடித்தபடியே என்னைப் பார்த்தார். சக ஊழியரைப் பார்க்கிற பார்வை. வாயைத் திறந்தேன். "நான் போவல்லே" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அபியின் குரல் கேட்டது. கெட்ச்அப் சிறுமிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, ஒரு இங்கிலீஷ் எழுத்துகூடக் கலக்காமல் கத்திக்கொண்டிருந்தாள்.

சுகந்தி கடைசி இரண்டு வரியை மெதுவாகப் பாடினாள்.

உப்புச் சட்டி எங்கிருக்குன்னு தெரியாதவரு — நான் போவல்லே
ஒத்தையில என்னத்தத் தின்னப் போறாரு — நான் போவல்லே

அந்த வரியில் நான் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். காற்று இருந்தது, கண்ணில் மணல் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

பாட்டு முடிந்ததும் மார்செலா அவளைக் கட்டிக்கொண்டார். எகிப்துக்காரர் விசில் அடித்தார். எனக்கு வெட்கம் வந்ததா, கோபம் வந்ததா என்று கேட்பீர்கள். இரண்டும் வந்தன, ஆனால் பின்னால்தான் வந்தன. முதலில் வந்தது பொறாமை. மார்செலா முந்தின நாள் முழங்கையைப் பிடித்துக் கேட்ட அந்த ஒரு கேள்வியின் மேல் பொறாமை. 'நீ போக விரும்புகிறாயா?' என்றுதான் கேட்டிருப்பார். எவ்வளவு சுலபமான கேள்வி! அதைக் கேட்கும் வாய்ப்பு தினமும் எனக்கு இருந்தது. அந்தப் பதில் எனக்கு முதலில் வந்திருக்க வேண்டிய செய்தி. வேறொருவருக்குப் போய், அங்கிருந்து நாற்பது பேருக்குப் போய், கடைசியாக என்னிடம் வந்தது.

மறுநாள் காலை உணவுக்குப் போனால், பூப்போட்ட சட்டை வெயிட்டர் ஆம்லெட்டைப் போட்டுக்கொண்டே மூக்கால் பாடுகிறான்: "நான் போவல்லே…" 

சிரித்து வைத்தேன்.

ஸ்டீபன் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைக்க வந்தான். அவன் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் குளச்சலில். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவு.

"அக்கா நல்லா பாடினா சாரே" என்றான்.

"நீ வேற ஆரம்பிக்காதடா."

"இல்ல சாரே, சும்மா சொல்லல்ல. உங்கள நெனச்சா எனக்குப் பொறாமையாக்கும்."

"என்னைப் பார்த்தா? நாற்பது பேர் முன்னாடி மானம் போனதுக்கா?"

"எனக்கு அப்படித் திட்டிப் பாட ஆளு பக்கத்துல இல்லியே. ஃபோன்ல அவ திட்ட ஆரம்பிச்சான்னா, காலிங் கார்டு தீந்து கட்டாயிரும். மிச்சத் திட்டு அங்கன கெடக்கும். அடுத்த வெள்ளிக்கிழம கூப்பிட்டா, அவ மறந்து போயிருப்பா." டிக்கியை மூடினான். "மறந்துட்டேன்னு சொல்லுவா."

நான் மத்தளக்காரரைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்த மூன்று நாளும் இவன் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறான். பொறாமையில் இது ஒரு சௌகரியம்: வரிசையில் நமக்கு முன்னால் நிற்பவர்தான் கண்ணில் படுவார், பின்னால் நிற்பவர் படுவதே இல்லை.

கார் மலைப்பாதையில் ஏறியது. அபி பின்சீட்டில் காதில் ஒயர் மாட்டியிருந்தாள். மசாஃபி தாண்டியதும் கேட்டேன்.

"நிஜமாவே போக வேண்டாமா?"

"அத்தனை பேரு சொன்னாவளே. பத்தாதாக்கும்?"

"வாடகை…?"

"அஜ்மான்ல கொறஞ்ச வாடகைக்குச் சின்ன வீடு இருக்கு. ஒரு பெட்ரூமு. ஸ்டீபனோட சித்தப்பா மவன் அந்த பில்டிங்லதான் இருக்கான்."

"ஸ்டீபனுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியும்."

"வேற யாருக்குத் தெரியும்?"

சுகந்தி கொஞ்சம் யோசித்தாள். "எதிர் ஃப்ளாட் அக்காவுக்கு. அபியோட க்ளாஸ் டீச்சருக்கு. உங்க தங்கச்சிக்கு…"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல்லியே."

"நீ 'சரி'ன்னு சொன்னியே?"

"நீங்க 'ஏப்ரல்லேந்து திருச்சி, சரியா?'ன்னியளே. அதுக்கு 'சரி'தான் வரும். அது கேள்வியாக்கும்?"

பின்சீட்டிலிருந்து சத்தம் வந்தது. ஒயர் காதில்தான் இருந்தது. பாட்டு ஓடவில்லை போலிருக்கிறது. "லீடிங் க்வெஸ்டியன், அப்பா" என்றாள் அபி.

வந்த வாரமே கராமா கட்டிலை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். பாதி அலமாரிக்கு அங்கே நல்ல கிராக்கி. டிக்கெட்டை ரத்து செய்தேன். திருச்சியில் அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். பேத்திக்காக ஒரு அறைக்கு வெள்ளையடித்து, மேஜை வாங்கிப் போட்டு வைத்திருந்தாள். "சரிப்பா, நீங்க மூணு பேரும் ஒண்ணா இருந்தா சரி" என்றாள். அந்தச் 'சரி' எந்தச் 'சரி' என்று இப்போதெல்லாம் எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. "நிஜமாவாம்மா?" என்று கேட்டேன். "இல்லதான். ஆனா என்ன பண்றது, லீவுக்கு அனுப்பி வை" என்றாள். கேட்டால் சொல்கிறார்கள்.

அடுத்த மாதம் அஜ்மான். துபாய் ஆபீஸுக்குப் போய்வர, காலையும் மாலையும் ஷார்ஜா டிராஃபிக்கில் நான் நிற்கப் போகும் நேரத்தை நினைத்தால் இப்போதே இடுப்பு வலிக்கிறது. புது வீட்டில் ஹாலிலேயே அபியின் மேஜை. பால்கனி இல்லை, ஆக, எதிர் வீட்டுக்காரர் மேல் பொறாமைப்படவும் வழியில்லை.

எல்லாம் சரி. ஒன்றுதான் மனதை அரிக்கிறது.

அந்தக் குரலை இன்னொருமுறை கேட்க வேண்டும். வீடு மாற்றுவது முடிவான அன்று, நல்ல மூடில் இருந்த சமயம் பார்த்து, "ஒரு பாட்டுப் பாடேன்" என்றேன். எவ்வளவு கெஞ்சியும் மசியவில்லை.

"இப்ப எதுக்கு? குறை ஒண்ணும் இல்லியே" என்றாள்.

அந்தக் கடற்கரையில் நின்ற ஜெர்மன்காரர்களுக்குக் கிடைத்தது, வீட்டில் எனக்கு இல்லை. கிடைக்க வேண்டுமென்றால் நான் வேறு ஏதாவது தப்பு செய்தாக வேண்டும்… யோசித்துக்கொண்டிருக்கிறேன்.